களிமண்ணில் ஒரு கடற்கரை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகள் திறக்கும் விடியல் வேளையில் அருகம்புல் வந்து இறங்கும். ஈரச் சாக்கில் பொதிந்து, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டுகள். கோர்ட்டுமலைப் பிள்ளையாருக்குப் போகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்வார்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு, மிதித்தாலும் மேய்ந்தாலும் மறுபடி தலை தூக்குகிற புல் அது. வாழ்த்துகிறபோது "அருகுபோல் வேரூன்றி" என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைப் பார்த்துத்தான்.

அதே வேளையில், அங்கிருந்து சில மைல் தள்ளியிருக்கும் கோல்ஃப் திடல்களிலும் அருகு வகைப் புல்லைத்தான் அறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். தாவரவியலில் சைனோடான் டாக்டிலான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் அதை ஆப்பிரிக்க அருகு ஒன்றோடு கலந்து, 1956இல் டிஃப்கிரீன் என்ற ரகத்தை வெளியிட்டார்கள். 1965இல் அதிலிருந்து டிஃப்ட்வார்ஃப் என்ற குட்டை ரகம் வந்தது. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான பரப்பை ஆட்டக்காரர்கள் 'கிரீன்' என்பார்கள். அங்கே இந்தக் குட்டை அருகை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட அறுக்கிறார்கள். சில ஐந்து சென் நாணயங்களை அடுக்கினால் வரும் உயரம்தான் அது. நாள் தவறாமல் இந்த உயரத்தில் வெட்டுப்பட்டும் சாகாமல் இருக்கிற புல் உலகத்தில் அதிகம் இல்லை.

இத்தனை பாடும் எதற்காக? இந்த ஆட்டம் பிறந்த கடற்கரையில் புல் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் அது விளங்கும்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடையே மணல்மேட்டுப் பட்டை ஒன்று ஓடுகிறது. நெல்லோ கோதுமையோ விளையாத, வீடு கட்டவும் உதவாத நிலம். அதற்குத்தான் லிங்க்ஸ் என்று பெயர். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலைக் காற்று மேடும் பள்ளமுமாகக் குவித்தது. அந்த மணலில் ஊட்டம் கிடையாது. ஊட்டம் இல்லாததால் தடித்த புற்கள் அங்கே தரிக்கவில்லை; நூல்போல் மெல்லிய ஃபெஸ்க்யூ, பெண்ட் என்ற இரண்டு புல் இனங்கள் மட்டும் பிடித்துக்கொண்டன. முயலும் ஆடும் அவற்றைக் கொறித்துக் கொறித்துக் கட்டையாக்கின. பெய்த மழை மணல் வழியே உடனே இறங்கிவிடும். அதனால் தரை எப்போதும் இறுக்கமாக இருக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் குதித்து, உருண்டு, மேடு காட்டிய வழியில் போகும். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துக் குழிந்த மணல் பள்ளங்களே பிற்காலத்தில் 'பங்கர்' ஆயின என்று அந்த ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் லிங்க்ஸ் நிலத்தைப் பற்றி 1552ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று இருக்கிறது. பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்த்துக்கொள்ளலாம். ஊராருக்குள்ள கோல்ஃப் ஆடும் உரிமையும், பந்து விளையாடும் உரிமையும், கால்நடை மேய்க்கும் உரிமையும் முன்போலவே தொடரும் என்கிறது அது. எனக்கு இந்த ஆட்டத்தின் வரலாற்றில் இதைவிட முக்கியமான தாள் வேறொன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆடுகிறவனுக்கும் மேய்க்கிறவனுக்கும் ஒரே தரையில் ஒரே வரியில் இடம் கொடுத்த சாசனம் அது. இன்றும் அந்த நிலம் பொதுச் சொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் பிள்ளைகளோடும் நாயோடும் அதன் குறுக்கே நடந்துபோகிறார்கள். இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில், 1864இல் தொடங்கிய வெஸ்ட்வர்ட் ஹோ திடலில் ஆடுகளும் குதிரைகளும் இன்னமும் ஆட்டக்காரர்களுக்கு நடுவே மேய்கின்றன. அது அவற்றை வளர்ப்போருக்குப் பரம்பரையாக வந்த பொது மேய்ச்சல் உரிமை.

லிங்க்ஸ் திடலின் நாட்டுப்புறத் தன்மை என்று பேசும்போது பலர் அதைப் பராமரிப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அங்கே புல் பார்ப்பவரின் கடினமான வேலை, கை நிறைய வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது. தண்ணீர் அதிகம் விட்டால் பாசி ஏறும். எரு அதிகம் போட்டால் ஃபெஸ்க்யூ செத்து, பசேலென்ற வேற்றுப் புல் புகுந்துவிடும். கோடையில் தரை பழுப்பேறுவதைப் பார்த்துப் பொறுத்திருக்க வேண்டும். 2006இல் ஹாய்லேக் திடலில் பிரிட்டிஷ் ஓப்பன் நடந்தபோது தரை வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. டைகர் உட்ஸ் நான்கு நாள் ஆட்டத்தில் தன் மிகப் பெரிய மட்டையான டிரைவரை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். மற்ற நேரமெல்லாம் தாழ்வாக அடித்து, மீதியைத் தரை உருட்டிக்கொண்டு போகட்டும் என்று விட்டார். வென்றார். தரை ஆட்டத்தை முடிவு செய்கிற இடத்தில் ஆட்டக்காரன் தரையைப் படித்தாக வேண்டும்.

இனி நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே இங்குள்ள மண்ணைச் சொல்லிவிடுகிறது. 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டுங்கள் என்று அடுத்து ரெசிடென்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகளைத் தொடங்கியது இந்தப் பக்கத்துக் களிமண்ணை நம்பித்தான். செங்கல்லுக்கு ஏற்ற மண் பந்துக்கு ஏற்காது. களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தில் மிதித்தால் இறுகும். இறுகினால் வேருக்குக் காற்று போகாது. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. கோலாலம்பூரில் அது 2,400 மில்லிமீட்டரைத் தாண்டும். பெரும்பகுதி பிற்பகல் நாலு மணிக்கு மேல், இடியோடு, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும்.

கிள்ளான் கடலோர ஊர்தானே, அங்கே லிங்க்ஸ் கிடைக்காதா என்று கேட்கலாம். கிள்ளான் கரையில் மணல் இல்லை. கடற்சேறும் கண்டல் மரமும்தான். பூலாவ் கெத்தாமுக்குப் படகில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: தண்ணீர் வற்றினால் கரையாகத் தெரிவது சாம்பல் நிறச் சேறு, அதில் நண்டு வளை. மலேசியாவில் உண்மையான லிங்க்ஸ் மண் கிழக்குக் கரையில் இருக்கிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் கடலோரத்தில் நீளநீளமாக ஓடும் மணல்மேட்டு நிலத்தை மண்ணியலார் 'பிரிஸ்' என்பார்கள். ஊட்டமற்ற, வெயிலில் காலைச் சுடுகிற மணல்.

சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இல் பெட்டாலிங் குன்றில் தொடங்கியது. பின்னர் இன்றைய துன் ரசாக் சாலை ஓரத்துக்கு இடம் மாறி, 1963இல் 'ராயல்' பட்டம் பெற்றது. 1962இல் நடந்த முதல் மலாயா ஓப்பன் போட்டிக்கு அதுவே களம். அந்தக் கால வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த விதி ஸ்காட்லாந்துடையது. தரை தந்தது வேறு. ஃபெஸ்க்யூ இந்த வெக்கையில் பிழைக்காது. ஆகவே மலாயா முழுவதும் கிரீன்களுக்குச் செரங்கூன் புல்லையும், மற்ற இடங்களுக்கு மாட்டுப் புல்லையும் வைத்துச் சமாளித்தார்கள்.

மாட்டுப் புல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதை யாரும் மதித்துப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் 'கௌ கிராஸ்', மலாயில் 'ரும்புட் பாரிட்', அதாவது சாக்கடையோரப் புல். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே ஊரோடு ஊராகிவிட்டது. அகன்ற இலை, தரையோடு ஓடும் தண்டு. புளித்த களிமண்ணிலும் வளரும். மர நிழலிலும் வளரும். மழைநீர் தேங்கினாலும் தாங்கும். இந்த நாட்டில் பிறந்த யாராக இருந்தாலும் அவர்கள் ஓடிய முதல் பள்ளித் திடல் மாட்டுப் புல்தான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியது அதன்மேல். கோல்ஃப் பந்து அதில் விழுந்தால் உருளாது. அகன்ற இலைகள் பந்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் இங்கே பழகிய ஆட்டக்காரர்கள் உயரத் தூக்கி அடிக்கக் கற்றார்கள். அதுவும் தரை கற்றுக்கொடுத்த ஆட்டம்தான். ஹாய்லேக்கில் காய்ந்த மணல் செய்த அதே வேலையைக் கோலாலம்பூரில் ஈரக் களிமண் செய்தது. என் பார்வையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் நாட்டுப்புறத் தன்மை என்பது இதுதான். ஸ்காட்லாந்தின் பழுப்பு நிறத்தை இங்கே பூச வேண்டியதில்லை.

ஆனால் நடந்தது வேறு. தொலைக்காட்சியில் அமெரிக்கத் திடல்களின் பட்டுப்போன்ற பச்சையைப் பார்த்துவிட்டு அதுவே அளவுகோல் ஆனது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் கிரீன் கட்டும் முறை ஒன்றை வகுத்தது. அடியில் வடிகால் குழாய், அதன்மேல் சுமார் பத்து சென்டிமீட்டர் சரளை, அதன்மேல் முப்பது சென்டிமீட்டர் சலித்த மணல். இந்த முறையில் கட்டிய ஒவ்வொரு கிரீனும் களிமண்ணுக்குள் தோண்டிப் புதைத்த ஒரு துண்டுக் கடற்கரை. மழை நின்று அரை மணி நேரத்தில் ஆடலாம் என்றால் அதற்கு இந்த மணல்தான் காரணம். புல்லுக்குப் பிடித்த ஊட்டத்தையும் அது அதே வேகத்தில் வடித்துவிடுகிறது. ஆகவே உரம், மறுபடி மழை, மறுபடி உரம். ஸ்காட்லாந்தில் மணல் சும்மா கொடுத்ததை இங்கே மாதாமாதம் விலைக்கு வாங்குகிறார்கள்.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர் ஒரு பெரியவர். தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் புல் வெட்டப் போய், முப்பதாண்டுக்கு மேல் கிரீன் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் திடல் என்பது இங்கே வேண்டாம். ஒரு காலை, தன்னிடம் வேலை பழகிய பையன்களைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இருட்டு பிரியாத நேரம். புல்லில் பனி. ஒரு பையன் நீண்ட மூங்கில் கழியால் கிரீனைத் துடைத்தபடி போனான்.

"பனியை எதுக்குங்க தட்டணும்?" என்றேன்.

"தட்டாம விட்டா காளான் நோய் பிடிச்சிரும் தம்பி. ராத்திரி முழுக்க இலை ஈரமாவே இருந்திருக்கு இல்ல?"

அடுத்து, அன்றைய ஆட்டத்துக்குக் குழியை இடம் மாற்றினார்கள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். 1891இல் நிர்ணயித்தது, உலகம் முழுக்க ஒன்றே. குழல் போன்ற கருவியைத் தரையில் இறக்கித் திருகி இழுத்தால், புல்லோடு ஒரு மண் உருளை முழுசாக வரும். பெரியவர் அதைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் திருப்பி எனக்குக் காட்டினார். மேலே ஒட்ட வெட்டிய புல். அதன் கீழே வரிவரியாக மணல், பழுத்த வேர், மணல். கிரீன்மேல் மணல் தூவிய ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. அதற்கும் கீழே சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் கோடு. மூக்கருகில் கொண்டுபோகச் சொன்னார். அழுகிய முட்டை வாடை.

"தண்ணி நிக்குது, காத்து போவல. வேரு இதுக்கு மேலயே நின்னு போச்சு பாருங்க. மேல பாத்தா பச்சையா இருக்கும். இன்னும் ரெண்டு மாசம்தான்."

மேலே பச்சை, உள்ளே மூச்சுத் திணறல். பயிற்சி பெற்ற வேளாண் அறிஞர் அந்தக் கறுப்புக் கோட்டுக்குக் கந்தகம், காற்றிலாச் சூழல் என்று விளக்கம் தருவார். பெரியவர் சொன்னதும் அதுவும் ஒரே செய்திதான். இந்த அறிவு ரயில்வே, பொதுப்பணித்துறை, நகராட்சி, தோட்டம் என்று நூறாண்டுக்கு மேலாக இந்த நாட்டின் தரையைச் செப்பனிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் சேர்ந்த அறிவு. கிளப்புகளின் சுவர்களில் கோப்பை வென்றவர்களின் பெயர்கள் தங்க எழுத்தில் இருக்கின்றன. புல் பார்த்தவர்களின் பெயர்களும் எழுதப்பட வேண்டியவை.

அவர்களுக்குக் களைகளும் பெயர் சொல்லித் தெரியும். நம் கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான ஒரு காட்டுப் புல் மிதிபட்ட இடத்தில் எல்லாம் வட்டமாகப் படுத்துக்கொள்ளும். கிளைஃபோசேட் களைக்கொல்லிக்கும் சாகாத அதன் வகையை 1997இல் உலகிலேயே முதலில் பதிவுசெய்தது மலேசியாதான். கோரை இருக்கிறது, பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடும். ஓரங்களில் தொட்டாற்சிணுங்கி. கால்சட்டையில் ஈட்டி ஈட்டியாக ஒட்டிக்கொள்ளும் கெமுஞ்சுப். வெட்டாமல் விட்டால் ஆளுயரம் வரும் லாலாங். பால்மரத் தோட்டங்களில் மருந்து தெளித்த நம் பெண்கள் ஆயுள் முழுதும் போராடியது இந்த லாலாங்கோடுதான். அவர்கள் முதுகில் சுமந்த பாராகுவாட் மருந்தை அரசு 2020 ஜனவரியில்தான் தடை செய்தது.

பள்ளத்தாக்கில் லிங்க்ஸுக்கு நெருக்கமான மண் ஒன்று உண்டு. அது ஈயலம்பங்களில் இருக்கிறது. நீர்ப் பீரங்கியால் மண்ணைக் கரைத்து, மரத்தாலான உயர்ந்த பாலோங் சரிவில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தார்கள். கனத்த ஈயம் தடுப்பில் தங்கும். மணல் கீழே கிட்டத்தில் விழும். சேறு தள்ளிப்போய்க் குட்டையில் படியும். அப்படிக் குவிந்த வெள்ளை மணல் மேடுகள் சுங்கை பீசி முதல் பூச்சோங் வரை கிடந்தன. ஊட்டம் கிடையாது, தண்ணீர் நிற்காது, மேடும் பள்ளமும் இருக்கும். பயிருக்கு எளிதில் உதவாது. மணல்மேட்டுக் கரையைப் பற்றி மேலே எழுதிய ஒவ்வொரு சொல்லும் இதற்கும் பொருந்துகிறது. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் வாங்கிய ஹோங் ஃபாட் லம்பம் இருந்த இடத்தில் இப்போது மைன்ஸ் ஏரியும் கோல்ஃப் திடலும் இருக்கின்றன. 1999இல் டைகர் உட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்காக உலகக் கோப்பையை வென்றது அங்கேதான். அழகான திடல், ஆனால் ஏரியும் மரமும் பசுமையுமாக, மற்ற திடல்களின் வழியில்தான் அதுவும் அமைந்தது. ஒரு லம்பத்தின் மணலையாவது மணலாகவே தெரியவிட்டு, காற்றும் மழையும் செதுக்கிய மேடுகளை அப்படியே வைத்து, மெல்லிய புல் விதைத்திருந்தால், இந்த நாட்டுக்கே உரிய ஒரு லிங்க்ஸ் உருவாகியிருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அதற்கேற்ற புல்லும் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. சோய்சியா மட்ரெல்லா என்ற மெல்லிய புல் தென்கிழக்காசியக் கடற்கரை மணலுக்கு உரியது. இங்கே சிக்லாப் புல் என்றும் மணிலா புல் என்றும் நாற்றுத் தோட்டங்களில் விற்கிறார்கள். மெதுவாக வளரும், உரம் குறைவாகக் கேட்கும், பாதத்துக்கு அடியில் பாய்போல் இறுக்கமாக இருக்கும். ஃபெஸ்க்யூவுக்கு இந்தப் பக்கத்து உறவு என்று அதைச் சொல்லலாம். புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் மாட்டுப் புல் சேறாகிறது என்று காற்பந்து ரசிகர்கள் கொதித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் அதை எடுத்துவிட்டுப் போட்டதும் சோய்சியா ரகம் ஒன்றைத்தான். நாட்டின் முதன்மை அரங்கத்துக்கு அது சரி. ஆனால் அன்று மாட்டுப் புல்லை ஏதோ நாட்டுக்கே அவமானம் என்பதுபோல் பேசினார்கள். அதுதான் எனக்கு வலித்தது.

அந்த அரங்கம் எழுந்தது புக்கிட் ஜாலில் தோட்டத்து நிலத்தில். புக்கிட் கியாராவும் அப்படித்தான். பால்மரத் தோட்டமாக இருந்ததை அரசு எடுத்துக்கொண்டது. அங்கே கோல்ஃப் திடல்களும் குதிரையேற்றத் திடலும் வந்தன. பால் வெட்டிய குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஓரத்து நீள வீடுகளுக்குத் தற்காலிகமாக என்று மாற்றப்பட்டன. அந்தத் தற்காலிகம் நாற்பதாண்டைத் தாண்டியது. ஒரு காலத்தில் அவர்களுடைய மாடுகள் மேய்ந்த சரிவுகள் இன்று வேலிக்குள் இருக்கின்றன.

1552ஆம் ஆண்டுச் சாசனம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இதனால்தான். ஸ்காட்லாந்துத் தரையின் குணம் மணலால் மட்டும் வந்ததல்ல. ஆடு மேய்ப்பவனை விரட்டாததால் புல் கட்டையாக இருந்தது. ஊர்க்காரன் குறுக்கே நடப்பதைத் தடுக்காததால் அது ஊரின் நிலமாக இருந்தது. மலாயாவுக்கு வந்தபோது ஆட்டத்தின் விதிகள் எல்லாம் வந்தன. அந்தச் சாசனம் மட்டும் வரவில்லை. இங்கே மாடு மேய்ந்த தரையிலிருந்து மாட்டையும் மனிதரையும் அகற்றிய பிறகுதான் புல் விதைக்கப்பட்டது.

அன்று காலை பெரியவர் அந்த மண் உருளையை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். கறுப்புக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பையனிடம், குழல் ஊசி போட்டுத் துளைத்து மணல் நிரப்பச் சொல்லு, ஆட்டம் ரெண்டு நாள் நின்னாலும் பரவால்ல என்றார். பிறகு முட்டிபோட்டு, நேற்றைய குழிக்குள் உருளையை இறக்கி, விளிம்பு சேரும்படி விரலால் ஒதுக்கி, உள்ளங்கையால் அழுத்தினார். எழுந்து கால் பாதத்தால் ஒருமுறை மிதித்தார். குனிந்து பார்த்தேன். எந்த இடத்தில் ஒட்டியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மட்டும் இன்னும் ஒரு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.